ஒரு நரம்பு அறுந்தால்

பட்மின்டன் ரெக்கட்டில் ஒரு நரம்பு அறுந்தால், மிகுதி நரம்புகள் அனைத்தையும் அப்போதே வெட்டிவிட வேண்டும். நடுவில் தொடங்கி, நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என்று மாறி மாறி வெளிப்புறம் நோக்கி வெட்டிச் செல்ல வேண்டும். தாமதித்தால் மிஞ்சிய நரம்புகள் ஒரு பக்கமாக இழுத்துச் சட்டத்தைக் கோணலாக்கிவிடும். கோணிய சட்டம் திரும்ப நிமிராது. இந்த விதிக்கு விலக்கு இல்லை.

நான் அரசாங்க சேவையிலேயே தலை நரைத்தவன். தாபனக் கோவையிலும் நிதிப் பிரமாணங்களிலும் விலக்கு இல்லாத விதி ஒன்றைக்கூடக் கண்டதில்லை. ஒவ்வொரு விதியின் அடியிலும் ‘செயலாளரின் முன் அனுமதியுடன்’ என்று ஒரு சின்னக் கதவு இருக்கும். என் உத்தியோகத்தின் பெரும்பகுதி அந்தக் கதவைத் திறப்பதிலும் சாத்துவதிலும் போயிற்று. ஆகவே கதவே இல்லாத இந்த விதியைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

விதியைச் சொன்னவர் ரெக்கட்டுகளுக்கு நரம்பு பின்னுகிறவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். அந்த விதி பிரயோகிக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு ரெக்கட் அவருடைய தலைக்கு மேலேயே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் கவனிக்கப் பல மாதங்கள் ஆயின.

ஓய்வு பெற்ற மறுவருடம் எனக்கு இரத்தத்தில் சீனி கூடியது. வைத்தியர் நடக்கச் சொன்னார். கண்டியில் நடப்பதென்றால் ஒன்றில் ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். இரண்டுக்கும் என் முழங்கால்கள் ஆட்சேபணை தெரிவித்தன. பழைய கந்தோர் நண்பர்கள் சிலர் மாலையில் ஒரு பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் போய்ச் சேர்ந்தேன். நாங்கள் ஆடியது பட்மின்டன்தான் என்று நம்பவைக்க ஒரு சமாதான நீதவானின் உறுதிமொழி தேவைப்பட்டிருக்கும். சேர்ந்த சில கிழமைகளில் என் ரெக்கட்டில் ஒரு நரம்பு அறுந்தது. பாலத்தடியில், மருந்துக் கடைக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்றார்கள்.

படியேறிப் போனேன். ஒரே அறை. மேசையில் புதிய மின்சார இயந்திரம் ஒன்று. நரம்பை இழுத்து, வேண்டிய இறுக்கம் வந்ததும் கீச்சென்று சத்தம் போடும். சுவரில் நரம்புச் சுருள்கள், ஒரு மாதா படம், வரிசையாக ரெக்கட்டுகள். சன்னலுக்குக் கீழே மாத்தளை பஸ்கள் நிற்கும் இடம். “மாத்தளே, மாத்தளே” என்ற நடத்துநர்களின் கூவல் அறைக்குள்ளேயே நின்று கத்துவதுபோலக் கேட்கும். இயந்திரத்துக்கு முன்னால் மெலிந்த, நிமிர்ந்த, என் வயதை ஒத்த ஒரு மனிதர் இருந்தார்.

“ஒரு நரம்புதான் அறுந்தது. அதை மட்டும் மாத்தித் தாங்கோ,” என்றேன்.

“எப்ப அறுந்துச்சு?”

“முந்தநாள்.”

“முந்தநாள்,” என்று அவர் திருப்பிச் சொன்னார். நோயாளியை இரண்டு நாள் வீட்டில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவனைப் போல நான் நின்றேன். அவர் இடது கையால் கத்தரிக்கோலை எடுத்து நடுவில் வைத்து வெட்டத் தொடங்கினார். டப், டப் என்று நரம்புகள் சுருண்டன.

“பொறுங்கோ, பொறுங்கோ. நான் இன்னும் சம்மதிக்கேல்லை.”

“ரெக்கட் சம்மதிச்சிருச்சு ஐயா,” என்றார் நிமிராமலே. எல்லாவற்றையும் வெட்டி முடித்த பிறகுதான் மேலே நான் எழுதிய விதியைச் சொன்னார். நடைமுறை தலைகீழாக இருந்தது. முதலில் நடவடிக்கை, பிறகு அறிவித்தல். எங்கள் திணைக்களத்திலும் அப்படித்தான் நடக்கும் என்றாலும் அங்கே திகதியை மாற்றிப் போடுவோம்.

“நீங்க என்ன வேல பாத்தீங்க?”

“உதவிச் செயலாளராய் இருந்தனான். இப்ப பென்சன்.”

“அப்ப செக்ரட்டரி ஐயா. கைய நீட்டுங்க.”

நீட்டினேன். உள்ளங்கையைப் பெருவிரலால் அழுத்தி, மணிக்கட்டை அசைத்துப் பார்த்தார். நரம்பைத் தெரிவு செய்வது அவர்தான். வாடிக்கையாளருக்கு அதில் வாக்குரிமை இல்லை. மெல்லிய நரம்பு அடிக்கும்போது கணீரென்று சத்தம் போடும், சீக்கிரம் அறும். தடித்தது சத்தம் போடாது, நின்று உழைக்கும். எனக்குத் தடித்தது. இறுக்கம் இருபது இறாத்தல்.

“இருபத்துநாலு போடச் சொன்னவை.”

“சொன்னவங்க கைக்கு இருபத்துநாலு போடுறேன். வரச் சொல்லுங்க.”

சுற்றியிருந்த பாடசாலைகள், கழகங்கள், வங்கிக்காரர்கள் எல்லாரும் அவரிடம்தான் வந்தார்கள். அறையில் எப்போதும் இருபது முப்பது ரெக்கட்டுகள் காத்துக் கிடக்கும். வேலைக்குக் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. அவரிடம் குறைவாக இருந்தது மனிதர்கள்தான்.

ஒரு வங்கி மனேஜர், இளந்தாரி, முப்பது இறாத்தல் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கொழும்பில் ஒருவர் முப்பதில்தான் ஆடுகிறாராம்.

“அவரு காலையில நாலு மணிக்கு எந்திரிக்கிறாரு தம்பி. நீங்க?”

“அதை விடுங்க மாஸ்டர். காசு தர்றது நான்.”

மாஸ்டர் அந்த ரெக்கட்டை உறையில் போட்டு, சிப்பை மூடி, வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தார். மனேஜர் பிறகு வந்து வருத்தம் தெரிவித்தார். ஆள் அனுப்பினார். பண்டிகைக்குக் கேக் அனுப்பினார். கேக் கீழே மருந்துக் கடையில் வெட்டப்பட்டது. எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. ஆனால் அந்த மனிதரின் ரெக்கட் அந்தப் படியில் மறுபடி ஏறவில்லை.

இது ஒரு வாடிக்கையாளரோடு நின்ற விஷயமல்ல என்பது போகப் போகத் தெரிந்தது. மாஸ்டர் மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அங்கே ஓர் அண்ணன் இருந்தார். லயத்துக் கூரைக்குத் தகரம் மாற்றும்போது ஏதோ ஒரு சொல் தடித்தது. அதோடு சரி. அண்ணனின் சாவுக்கும் போகவில்லை. ஒரு பெரிய பாடசாலையில் விளையாட்டுப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்தார். யாரோ மலிவான பந்து வாங்கி வைத்துவிட்டு இவர் கேட்டதாக எழுதியிருந்தார்கள். அன்றைக்கே சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு நடந்துவிட்டார்.

“ஒரு மாத முன்னறிவித்தல் குடுத்திருந்தால் உங்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்திருக்கும்,” என்று பிரிவையும் உட்பிரிவையும் சொல்லி விளக்கினேன்.

“அறுந்ததுக்கு அப்புறம் ஒரு மாசம் வெச்சிருக்கிறதா ஐயா? சட்டம் என்னாகுறது?”

கத்தோலிக்கக் கோயில்களும் தப்பவில்லை. ஒரு கோயிலில் பாட்டுக் குழுவின் இடத்தை மாற்றினார்கள், விட்டார். அடுத்ததில் சாமியார் பிரசங்கத்தில் யாரையோ குத்திப் பேசினார், விட்டார். நான் பழகிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறிப் பிலிமத்தலாவைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“அங்கயும் ஏதும் நடந்தால்?” என்று கேட்டேன்.

“அதுக்கப்புறம் கேகாலை இருக்கு.”

சிரிக்கத்தான் செய்தோம். ஆனால் படியிறங்கும்போது, என்னுடைய முறை எப்போது வரும் என்று யோசித்துக்கொண்டுதான் இறங்குவேன். கீழே மருந்துக் கடை நானாவும் அதே யோசனையில்தான் வருடக்கணக்காக இருந்திருக்கிறார். நானா அக்குறணைப் பக்கத்து முஸ்லிம். பருத்த, பொறுமையான மனிதர். மேல்மாடியை மாஸ்டருக்குக் கொடுத்தவர் அவர்தான்.

“வாடக கேக்கவே பயம் எனக்கு,” என்பார். “கேட்டா கோவிச்சிட்டுப் போயிருவாரோண்டு. கேக்காட்டியும் கோவிப்பார். மாசம் பொறந்தா மொதல் நாள் அவரே கொண்டாந்து மேசைல வெச்சிர்ர. அது வரைக்கும் நான் மேல பாக்கிறதே இல்ல.”

மாஸ்டர் எல்லாவற்றையும் இடது கையால் செய்வார், எழுதுவதைத் தவிர. பற்றுச்சீட்டில் பெயர் எழுதும்போது மட்டும் பேனா வலது கைக்கு மாறும். அந்தக் கையெழுத்து, கோழி கிளறின முற்றம் மாதிரி இருக்கும். ஒரு நாள் கேட்டேன்.

“தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு இந்தக் கைய இடுப்போட சேத்துக் கட்டிப்புடுவாரு ஐயா. மணி அடிச்சாத்தான் அவுப்பாரு. எங்கப்பா போயிக் கேக்கல. வாத்தியார்ட்ட எப்புடிக் கேக்குறது?” இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். “எழுதுறது அவங்க கை. மத்ததெல்லாம் என் கை.”

அவருடைய முடிச்சுகளும் அப்படி. நரம்பு பின்னி முடியும் இடத்தில் போடும் முடிச்சை மற்றவர்கள் ஒரு பக்கமாகத் திருப்புவார்கள், அவர் மறுபக்கமாகத் திருப்புவார். சட்டத்தின் ஓரத்தில் கடுகளவு இருக்கும். எனக்குக் காட்டினார், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்ததாகத் தலையாட்டினேன்.

இனி அந்தச் சுவர் ரெக்கட்.

ஒரு மழை நாள். மின்சாரம் போய் இயந்திரம் நின்றுவிட்டது. செய்ய ஒன்றுமில்லாமல் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் நீலச் சட்டம் போட்ட ரெக்கட். நடுவில் ஒரு நரம்பு அறுந்து இரண்டு நுனியும் சுருண்டு நின்றன. மற்ற நரம்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. தலை முட்டை வடிவத்தை விட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவருடைய விதியை அவருக்கே நினைவூட்டும் வாய்ப்பு ஒரு முன்னாள் அரசாங்க உத்தியோகத்தனுக்கு எத்தனை தரம் கிடைக்கும்?

“மாஸ்டர், அதிலை ஒண்டு அறுந்திருக்கு. மிச்சத்தை ஏன் வெட்டேல்லை?”

அவர் மேலே பார்க்கவில்லை. “அது கஸ்டமர் ரெக்கட்டு ஐயா. கஸ்டமர கேக்காம வெட்டக் கூடாது.”

என்னுடையதைக் கேட்காமல் வெட்டிய மனிதர். கீழே வந்து நானாவிடம் கேட்டேன். நானா கடையில் ஆள் இல்லையென்று பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்தார்.

“மகள்ட ரெக்கட் அது. ஒரே மகள். தாய் சின்னதிலயே மவுத்து. இவர்தான் வளத்த. நல்லா வெளாடும் புள்ள. கொழும்புல பெரிய போட்டி ஒண்டு. செமி பைனல்ல இவர் கட்டிக் குடுத்த ரெக்கட்ல நரம்பு அறுந்துட்டு. கைல இருந்த மத்தத கோச் கொண்டுபோய் அங்க வேற ஒராள்ட்ட இன்னும் இறுக்கிக் கட்டிக் குடுத்தீக்கிறார். அதால வெளாடி பைனல் வெண்டுட்டு.”

“நல்லதுதானே.”

“கப்போட வந்துச்சு புள்ள. வாப்பா பாருங்கண்டு கப்ப நீட்டுது. இவர் கப்ப பாக்கல்ல. ரெக்கட்ட எடுத்து ஓரத்த பாத்தார். ‘இது யாரு முடிச்சு?’ண்டு கேட்டார். அவ்வளவுதான். வெண்ட ரெக்கட்ட அங்கயே வெச்சு வெட்டினார். அறுந்தத அப்பிடியே செவுத்துல மாட்டினார். அதுக்குப் பொறகு புள்ளயோட பேச்சில்ல. அது படிச்சு டீச்சராகி, கலியாணம் முடிச்சு, இப்ப மாத்தளைல ஈக்கி. கலியாணத்துக்கும் போகல்ல.”

மாத்தளை. நான் வெளியே பார்த்தேன். கடைவாசலில் ஒரு பஸ் நின்று மாத்தளை என்று கூவிக்கொண்டிருந்தது. கனடாவுக்குப் போன பிள்ளையென்றால் தூரத்தின் மேல் பழியைப் போடலாம். இது ஒரு பஸ்.

“ஒருக்கா ஏறினார்,” என்றார் நானா. “நான் கண்ணால கண்டன். நல்ல சேட் போட்டுட்டு எறங்கி வந்து மாத்தள பஸ்ல ஏறினார். எனக்கெண்டா சந்தோஷம். அரை மணித்தியாலத்தால பாத்தா எதிர்ப்பக்கத்தால எறங்கி வாரார். அக்குறணைல எறங்கித் திரும்பிட்டாராம். என்ன மாஸ்டருண்டு கேட்டன். சீட் இல்லண்டார். அந்த பஸ்ல ஆளே இல்ல.”

அதன் பிறகு நான் மாஸ்டரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு நடைமுறை உண்டு. அதில் நான் தேர்ச்சி பெற்றவன். ஆனால் அவர் மனிதர்களை வெட்டிய கதைகளைக் கேட்டு முன்போல் சிரிக்க முடியவில்லை. அந்தக் கோணல் ரெக்கட் எல்லாவற்றையும் மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

போன வருடம் மழை தொடங்கிய நேரம், மாத்தளையிலிருந்து வந்த ஒருவர் ரெக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போகிற போக்கில் சொன்னார்: “உங்க பேத்தியும் புடிக்கிறா மாஸ்டர். எங்க மண்டபத்துக்கு வர்றா. கம்பு மாதிரி ஒரு பழைய ரெக்கட். ஆனா நல்லா ஆடுறா.”

மாஸ்டர் அந்த மனிதரின் கையைப் பார்க்காமலே நரம்பைத் தெரிவு செய்தார். நான் அங்கேதான் இருந்தேன். அப்படி அவர் செய்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

மறுநாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அதற்கு முன்பு எடுத்ததே இல்லை. “ஒரு லெட்டர் எழுதணும் ஐயா. உங்க கையெழுத்து நல்லா இருக்கும்.”

அவருக்கு மகளின் வீட்டு விலாசம் தெரியாது. எந்தப் பாடசாலையில் படிப்பிக்கிறாள் என்பது மட்டும் தெரியும். பாடசாலை விலாசத்துக்கே எழுதுவதென்று முடிவாயிற்று. மாத்தளையிலிருந்து வந்தவரிடம் கேட்டிருக்கலாமே என்றேன். “அவன்ட்ட கேட்டா மாத்தளை பூரா தெரிஞ்சிரும்,” என்றார்.

முதல் வரைவை நான் வீட்டிலிருந்தே கொண்டுபோனேன். முழு இரண்டு பக்கம். பின்னணி, தற்போதைய நிலை, கோரிக்கை என்று மூன்று பந்தி. அவர் கேட்டு முடித்தார்.

“இது அரசாங்கம் காணி எடுக்கிற கடிதம் மாதிரி இருக்கு ஐயா.”

இரண்டாவது வரைவில் மனத்தைத் தொடும் சொற்களைச் சேர்த்தேன். எனக்கு அவ்வகைச் சொற்களில் பழக்கமில்லை, தேடித்தான் எடுத்தேன். ‘மன்னிப்பு’ என்ற சொல் வந்ததும் கையை உயர்த்தினார். “அத எடுத்துருங்க.” எடுத்தேன். ‘கடந்தவற்றை மறந்து’ என்பதையும் எடுக்கச் சொன்னார். “அவ ஏன் மறக்கணும்?” நியாயமான ஆட்சேபணை. இப்படியே கிழமைக் கணக்கில் போயிற்று. நான் ஒரு வசனத்தைக் கொண்டுபோவேன்; அதில் ஒரு சொல் சரியில்லை என்பார்; அந்தச் சொல்லுக்காக முழுத் தாளையும் கிழிப்பார். வேறு விதமாக அவருக்குத் தெரியாது.

மேசையில் இதற்கிடையில் ஒரு சின்ன ரெக்கட் வந்திருந்தது. புதுச் சட்டம், பிள்ளைகளின் அளவு. அதில் நரம்பு பின்னத் தொடங்கியிருந்தார். முதலில் நெடுக்கு, நடுவிலிருந்து இரு பக்கமும். பிறகு குறுக்கு, ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக. மற்ற ரெக்கட்டுகளுக்கு அரை மணித்தியாலம் எடுப்பவர் அதற்கு மூன்று நாள் எடுத்தார். இயந்திரத்தில் இறுக்கம் பதினாறு என்று காட்டியது. கை தெரியாததால், எந்தப் பிள்ளைக் கைக்கும் வலிக்காத இறுக்கம் என்றார். எல்லாம் முடிந்தும் கைபிடி மட்டும் வெறும் கட்டையாக நின்றது.

“அதுக்குப் பட்டி சுத்தேல்லையோ?”

“வலது கைக்கு ஒரு பக்கமா சுத்தணும், இடது கைக்கு மறுபக்கமா சுத்தணும். மாத்திச் சுத்துனா புடிக்கப் புடிக்க அவுந்துரும்.” கட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு, “லெட்டர்ல அத மட்டும் எழுதுங்க ஐயா,” என்றார்.

“எதை?”

“பிள்ளைக்கு எந்தக் கைன்னு.”

எழுதினேன். ‘பிள்ளைக்கு எந்தக் கை?’ ஒரு முழுத் தாளில் மூன்று சொல். கேள்விக்குறியைப் பார்த்தார், தலையசைத்தார். கிழிக்கவில்லை.

“கீழை கையொப்பம் வேணும்.”

பேனாவை வலது கையில் வாங்கினார். கீழே பஸ் ஒன்று கிளம்பிப் போனது.

“செக்ரட்டரி ஐயா, உங்களுக்குச் சட்டம் தெரியும்,” என்றார். “நான் இதுல அப்பான்னு போடலாமா?”

என் சேவைக் காலம் முழுவதிலும் என்னிடம் கேட்கப்பட்ட விளக்கங்களில் இதற்குத்தான் எந்தக் கோவையிலும் பிரிவு இல்லை. “அந்தப் பதவியிலிருந்து விலக நடைமுறை ஒண்டும் இல்லை மாஸ்டர்,” என்றேன். “நீங்கள் இன்னும் பதவியிலைதான் இருக்கிறியள். போடுங்கோ.”

பேனாவை இடது கைக்கு மாற்றினார். ‘அப்பா’ என்று எழுதினார். எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சாய்ந்து நின்றன. வலது கையெழுத்தை விட மோசம். ஆனால் அது அவருடைய கை.

பதிவுத் தபாலில் போட வேண்டும், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட்ட அட்டை திரும்பி வர வேண்டும் என்று கேட்டார். கட்டுகஸ்தோட்டைத் தபால் கந்தோரில் நானே போய்ப் போட்டேன். டிசம்பர் தொடங்கியிருந்தது.

அட்டை வரவில்லை. தபால்காரர் மருந்துக் கடைக்கு வரும் நேரத்தில் மாஸ்டர் கீழே இறங்கி வந்து நிற்கத் தொடங்கினார். தைலம் பார்ப்பதுபோல, நிறுவைத் தராசில் ஏறிப் பார்ப்பதுபோல. நானா ஒரு கதிரையைப் போட்டு வைத்தார். அதில் அவர் இருக்கவில்லை.

ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தராசிலேயே சாய்ந்தார். நானா முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

நான் மறுநாள் காலை மாத்தளை பஸ்ஸில் ஏறினேன். அக்குறணையில் இறங்கவில்லை. பாடசாலை வாசலில் சங்கிலி போட்டிருந்தது. தவணை முடிந்து விட்டது. எங்கள் கடிதம் போய்ச் சேர்ந்தது, கதவு பூட்டிய பிறகு. வரைவுகளைக் கிழித்துக்கொண்டிருந்த கிழமைகளில் தவணை முடியும் திகதி எங்களைக் கேட்காமலே வந்து போயிருந்தது. காவலாளி, “மிஸ் புருஷன் ஊரு மன்னாருக்குப் போயிட்டாங்க, நத்தார் முடிஞ்சு தவணைக்குத்தான் வருவாங்க,” என்றார். பதிவுத் தபால் எல்லாம், பெறுநர் கையொப்பமிட வேண்டிய அட்டைகளோடு, அதிபரின் அலுமாரிக்குள். தொலைபேசி இலக்கம் அவரிடம் இல்லை. அதிபரின் இலக்கத்தைத் தந்தார். அது மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். மன்னார் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

மாலை ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அப்ப அவ இன்னும் படிக்கல.”

“படிக்கேல்லை.”

“படிச்சிட்டுப் பேசாம இருக்கல.”

“இல்லை மாஸ்டர். கடிதம் அலுமாரிக்குள்ளை கிடக்கு. அவ காணவே இல்லை.”

அவர் முகம் லேசாகத் தளர்ந்தது. “அது போதும்,” என்றார். பிறகு, “ரெக்கட்ட வெயில்ல வெக்க வேணாம்னு நானாட்ட சொல்லுங்க,” என்றார்.

நத்தாருக்கு முந்திய கிழமை காலமானார்.

அடக்கத்துக்கு நானாவும், மடுல்கெல்லையிலிருந்து அண்ணன் மகன்கள் இருவரும், பெயர் தெரியாத பல விளையாட்டுக்காரர்களும் வந்தார்கள். வங்கி மனேஜரும் வந்தார். வானொலியில் மரண அறிவித்தல் கொடுத்தோம், நான்தான் எழுதினேன். அன்புத் தந்தை என்ற இடத்தில் மகளின் பெயரைப் போட்டு மன்னார் கேட்கும் என்று நம்பினேன். இந்தக் காலத்தில் யார் வானொலி கேட்கிறார்கள்?

முப்பத்தோராம் நாள் பூசைக்கு, கண்டியில் அவர் கோபித்துக்கொள்ளாத கோயில் ஒன்று கிடைக்காமல் பிலிமத்தலாவைக்கே போனோம். பூசை முடிந்து திரும்பி வந்தபோது நானா கடைவாசலிலேயே நின்றார். கையில் ஒரு தபாலட்டை.

“இப்பதான் கொண்டாந்து குடுத்துட்டுப் போற,” என்றார். “மாஸ்டருக்கு.”

காலமானவருக்கு வரும் தபாலைப் பெறுநர் இல்லை என்று குறித்து அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டும், அல்லது சட்டபூர்வ உரித்தாளியிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த விடயத்தில் அனுப்பியவரும் உரித்தாளியும் ஒருவரே. விதி தெளிவானது. ஆனால் தபாலட்டைக்கு உறை இல்லை. வாங்குகிற கையே வாசித்துவிடும்.

நாங்கள் இருவரும் மேலே ஏறினோம். கோணல் ரெக்கட் மாதா படத்துக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. சின்ன ரெக்கட் மேசையில், சன்னல் வெயில் படாத மூலையில், வெறுங்கட்டைக் கைபிடியோடு. நானா கண்ணாடி கொண்டுவரவில்லை. என்னை வாசிக்கச் சொன்னார். ஆசிரியையின் வட்டமான, தெளிவான கையெழுத்து.

‘அப்பா,

இடது கை. பள்ளிக்கூடத்தில் மாற்றப் பார்த்தார்கள். நான் விடவில்லை.’

அவ்வளவுதான். நான் அட்டையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தேன்; பழக்கதோஷம். பாடசாலை திறந்த கிழமையிலேயே மாத்தளையில் போடப்பட்டிருக்கிறது. வந்து சேர்ந்த திகதியை முத்திரைக்குக் கீழே பென்சிலால் குறித்து வைத்தேன். அன்று அவருடைய முப்பத்தோராம் நாள்.